எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் வாழ்க்கைத்துணை கிடைப்பார்?

ஏப்ரல் 4 – ஒரு வாசகியின் கேள்வி

எனக்கு இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று எல்லாத் துறைகளும் உள்ள பெரிய பல்கலைக்கழகம். மற்றொன்று சிறிய தொழில்நுட்பக் கல்லூரி. என் பாடத்துக்கு அதுதான் சிறந்தது. ஆனால் அங்கே பெண்கள் மிகக் குறைவு. "பெரிய இடத்துக்கே போ, அங்கேதான் நாலு பேரைப் பார்க்க முடியும், உன்னோடு வாழப்போகிறவனையும் அங்கேதான் சந்திப்பாய்" என்கிறாள் என் அத்தை மகள். கேட்டபோது சிரித்துவிட்டேன். இரவில் தூக்கம் வரவில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

ஏப்ரல் 4, இரவு

வேண்டாம். ஆய்வுக்கூடம் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போங்கள்.

என் கதையையே சாட்சியாக வைக்கிறேன். நான்கு ஆண்டுகள் இயந்திரப் பொறியியல் படித்தேன். வகுப்பில் அறுபது பேர். அதில் பெண்கள் நால்வர். என் மனைவியை அந்த வளாகத்தில் நான் சந்திக்கவில்லை. படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சந்தித்தேன். அவள் வேறு ஊர், வேறு கல்லூரி, வேறு துறை. என் கல்லூரியின் பெயரைக்கூட அதற்குமுன் அவள் கேள்விப்பட்டதில்லை. ஆக, என் திருமணத்தில் என் கல்லூரியின் பங்கு சுழியம். உங்கள் அத்தை மகளிடம் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஏப்ரல் 5

ஒரே ஓர் ஆளின் கதையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டேன் என்று மூன்று பேர் வந்து குட்டிவிட்டார்கள். நியாயம்தான். புள்ளிவிவரம் தேடினேன்.

2013இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு ஆய்வுப் பிரிவு தன் அமெரிக்கப் பயனர்களின் விவரங்களை அலசியது. கல்லூரியில் படித்து, திருமணமும் ஆனவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர் தம் துணையைக் கல்லூரியில்தான் சந்தித்திருக்கிறார்கள். நான்கில் ஒருவருக்கு மேல்! நான் நினைத்ததைவிட மிக அதிகம். உங்கள் அத்தை மகளிடம் பாதி மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏப்ரல் 5, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் பிழை. ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிபார்த்தேன், அவர் சொல்வதே சரி. அந்த 28 விழுக்காடு "ஒரே கல்லூரியில் படித்த தம்பதிகள்". "கல்லூரியில் சந்தித்த தம்பதிகள்" அல்ல. ஒரே கல்லூரியில் பத்தாண்டு இடைவெளியில் படித்துவிட்டு, வேறெங்கோ சந்தித்துக்கொண்டவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒபாமா தம்பதியர். இருவரும் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் படித்தவர்கள். மிஷெல் 1988இல் படிப்பை முடித்து வெளியேறினார். அதே ஆண்டுதான் பராக் உள்ளே நுழைந்தார். வளாகத்தில் சந்திக்க வழியே இல்லை. 1989 கோடையில் சிகாகோவில் ஒரு சட்ட நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வந்த இளைஞருக்கு வழிகாட்டியாக மிஷெல் நியமிக்கப்பட்டார், அங்கேதான் அறிமுகம். இதுபோன்ற கணக்கில் இவர்களும் "ஒரே கல்லூரி".

இந்த உதாரணம் என் பக்கம் பேசுகிறது என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நிறுவனம் ஏன் அந்த இருவரையும் எடுத்தது? ஹார்வர்டு பட்டம் இல்லாவிட்டால் இருவரும் அதே கட்டடத்தில், அதே கோடையில் இருந்திருப்பார்களா? கல்லூரி அறிமுகம் செய்துவைக்கவில்லை. ஆனால் அறிமுகம் நடந்த அறையின் சாவியை இருவருக்கும் கொடுத்தது. இதை யோசித்துவிட்டு நாளை வருகிறேன்.

ஏப்ரல் 7

இரண்டு நாள் ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முயன்ற ஓர் ஆய்வு கிடைத்தது. கிர்கபோயன், லூவன், மோக்ஸ்தாத் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2021இல் வெளியிட்டது. தரவு நார்வே நாட்டினுடையது.

வெறுமனே "இந்தக் கல்லூரிக்காரர்கள் இந்தக் கல்லூரிக்காரர்களையே மணக்கிறார்கள்" என்று எண்ணிச் சொன்னால் அது எதையும் நிரூபிக்காது. மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் ஏற்கெனவே ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே மாதிரிச் சுபாவம் உள்ளவர்களாக இருக்கலாம். கல்லூரியே இல்லாவிட்டாலும் ஒருவரையொருவர் தேடிப் பிடித்திருக்கலாம். இதைப் பிரித்தறிவது எப்படி? நார்வேயில் கல்லூரிச் சேர்க்கை நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கட்-ஆஃப் மதிப்பெண் உண்டு. அந்தக் கோட்டுக்கு மயிரிழை மேலே இருந்து இடம் பெற்றவரும், மயிரிழை கீழே இருந்து இடம் இழந்தவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. பல ஆண்டுகள் கழித்து யார் யாரை மணந்தார்கள் என்று பார்த்தால் போதும்.

கண்டது இது: ஒரு குறிப்பிட்ட கல்லூரியில் சேர்வது, அதே கல்லூரியில் படித்தவரை மணக்கும் வாய்ப்பை நன்றாகவே உயர்த்துகிறது. அதுவும் இருவரும் ஒரே காலத்தில் அங்கே இருந்திருந்தால்தான் விளைவு பெரிது. ஆக, வந்து சேர்ந்தவர்களின் குணத்தைவிட, அந்த ஆண்டில் அந்த இடத்தில் இருந்ததே காரணம்.

நான் இரண்டு முறை படித்த வரி இன்னொன்று. படித்த இடமும் படிப்பும் "யாரை" மணக்கிறோம் என்பதை மாற்றுகின்றன. மணக்கிறோமா, இல்லையா என்பதை மாற்றவில்லை.

வாசகியே, உங்கள் அத்தை மகள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே பிழை. "அங்கே போனால் கிடைப்பான்" என்கிறாள் அவள். "எங்கே போனாலும் ஒன்றுதான்" என்றேன் நான். எங்கே போனாலும் கிடைக்கிற வாய்ப்பு ஏறக்குறைய ஒன்று; ஆனால் கிடைப்பது அதே ஆள் அல்ல.

ஏப்ரல் 7, இரவு

"அப்படியானால் இன்னொரு கல்லூரிக்குப் போயிருந்தால் நீங்கள் வேறொருத்தியோடு இதே அளவு சந்தோஷமாக இருந்திருப்பீர்கள் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பாள்.

ஏப்ரல் 9

ஆண் பெண் விகிதம் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கேட்டவரே அதைத் தொட்டிருக்கிறார்.

மேலே சொன்ன ஃபேஸ்புக் அலசலில் இரண்டு பட்டியல்கள் உண்டு: பெண்கள் தம் கல்லூரிக்காரரையே அதிகம் மணந்த கல்லூரிகள், ஆண்கள் தம் கல்லூரிக்காரரையே அதிகம் மணந்த கல்லூரிகள். ஆண்கள் பட்டியலின் உச்சியில் சிறிய சமயக் கல்லூரிகள். பெண்கள் பட்டியலின் உச்சியில் இண்டியானா மாநிலத்தின் ரோஸ்-ஹல்மன் தொழில்நுட்பக் கல்லூரி. 1995 வரை பெண்களையே சேர்க்காத இடம் அது. பிறகும் ஆண்களே மிகுதி. அங்கே படித்து மணமான பெண்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்குக் கணவரும் அதே கல்லூரிக்காரர்.

என் வகுப்புக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான்கு பெண்களில் இருவர் எங்கள் வகுப்பிலேயே மணந்தார்கள். ஒருத்தி பக்கத்துத் துறைக்காரரை மணந்தாள். ஒருத்தி திருமணமே வேண்டாம் என்று முடிவெடுத்து, எங்கள் எல்லாரையும்விட உற்சாகமாக இருக்கிறாள். ஆக, பெண்களில் பாதிப் பேருக்கு வகுப்பிலேயே துணை அமைந்தது. ஆண்கள் ஐம்பத்தாறு பேரில் இருவருக்கு. ஒரே அறை, ஒரே கரும்பலகை, ஒரே நான்கு ஆண்டுகள். ஒரு பாலாருக்கு நூற்றுக்கு ஐம்பது, மறு பாலாருக்கு நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடவில்லை. "இந்தக் கல்லூரியில் வாய்ப்பு எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. யாருடைய வாய்ப்பு என்று கேட்க வேண்டும்.

அந்த ஐம்பத்தாறு பேரில் நானும் ஒருவன். பக்கத்துத் துறைக்காரரை மணந்தாள் என்று ஒருத்தியைச் சொன்னேனே, அவள் ஆய்வுக்கூடத்தில் என் மேசைப் பங்காளி. ஆறு பருவங்கள் ஒரே மேசை. நான் அளப்பேன், அவள் குறிப்பாள். எனக்கு அவள்மேல் ஒரு நினைப்பு இருந்தது. சொல்லவில்லை; சொல்லத் தேவையில்லை, தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் தானாக முளைக்கும் என்று நம்பினேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லண்டும் பீச்சும் செய்து, 1992இல் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது என் இளமைக்கால நம்பிக்கைக்கு விஞ்ஞான ஆதாரம் இருப்பதை அறிந்து நெகிழ்ந்துபோனேன். தோற்றத்தில் ஏறக்குறைய ஒத்த நான்கு பெண்களை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள்: ஒருத்தி ஒருமுறையும் போகவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை போனார்கள். யாரிடமும் பேசவில்லை, வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள், அவ்வளவுதான். பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவளையே மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள்.

என் விஷயத்தில் ஆறு பருவங்களில் முளைத்தது அவளுக்கு ஒரு தெளிவு மட்டுமே. இவன் நல்ல பையன், வேண்டாம்.

ஏப்ரல் 9, இரவு

ஒரு வாசகி காட்டமாக எழுதியிருக்கிறார்: "வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்று கணக்குப் போடுகிறீர்கள். அறுபதில் நால்வரில் ஒருத்தியாக நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தீர்களா?"

இல்லை. ஆகவே உட்கார்ந்தவளிடமே கேட்டேன். மேசைப் பங்காளியோடு இன்றும் பேச்சு உண்டு. அவள் அனுப்பிய பதிலை அப்படியே தருகிறேன்: "நாற்காலியை நகர்த்தினால் ஐம்பத்தாறு தலைகள் திரும்பும். தும்மினால் செய்தி. ஒருவனோடு இரண்டு நாள் சேர்ந்து நடந்தால் மூன்றாம் நாள் எங்களுக்குப் பெயர் வைத்துவிடுவீர்கள். எண்ணிக்கை ஐம்பத்தாறு, எண்ணிப் பார்க்கத் தக்கவர்கள் இரண்டு. அந்த இரண்டையும் மற்ற இருவரும் எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனேன்."

அந்த இரண்டில் நான் இல்லை என்பதை இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து எழுத்துப்பூர்வமாகப் பெற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 12

ஒருவர் கேட்கிறார்: இன்றைக்கு எல்லாரும் இணையத்தில்தானே சந்திக்கிறார்கள், கல்லூரியைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

ஓரளவு சரி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட கட்டுரை அமெரிக்க ஆண்-பெண் இணைகள் எங்கே சந்தித்தார்கள் என்று கேட்டது. 2017இல் சந்தித்தவர்களில் 39 விழுக்காட்டினர் இணையத்தில். நண்பர்கள் வழியாகச் சந்திப்பது 1995இல் 33 விழுக்காடாக இருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது. கல்லூரியில் சந்திப்பது 9இலிருந்து 4.

"முதலில் 28 என்றீர்கள், இப்போது 4 என்கிறீர்கள்" என்று யாராவது கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 28 என்பது கல்லூரியில் படித்த, மணமான ஃபேஸ்புக் பயனர்களில். 9உம் 4உம் கல்லூரிப் பக்கமே போகாதவர்களையும் சேர்த்த எல்லா இணைகளிலும். ஒன்று ஒரே கல்லூரியா என்று கேட்கிறது. மற்றொன்று எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை மூட்டக் கூடாது. முதல் நாள் நானே மூட்டியிருப்பேன்.

இணையத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வயது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குப்படி 1960இல் முதல் திருமணத்தின் இடைநிலை வயது ஆண்களுக்கு 22.8, பெண்களுக்கு 20.3. பட்டம் வாங்கும் வயதும் திருமண வயதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அன்று கல்லூரியில் பார்த்தவரை விட்டால் அடுத்துப் பார்க்க அவகாசமே இல்லை. 2023இல் அதே எண்கள் 30.2, 28.4. கல்லூரிக்கும் திருமணத்துக்கும் நடுவில் ஆறேழு ஆண்டுகள் முளைத்துவிட்டன. அந்த இடைவெளியில் அலுவலகம் வருகிறது, வேறு ஊர் வருகிறது, ஜெர்மன் வகுப்பு வருகிறது.

ஏப்ரல் 13

இதை எதிர்பார்த்தேன், நேற்றே வந்துவிட்டது. "2013இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பழைய மாணவி ஒருவர் எழுதினாரே" என்று.

ஆம், சூசன் பேட்டன். மாணவர் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்: மாணவிகளே, பட்டம் வாங்கும் முன்பே வளாகத்தில் கணவரைத் தேடிக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஈடான ஆண்கள் இத்தனை பேர் மறுபடி ஓரிடத்தில் கிடைக்க மாட்டார்கள் என்பது சாரம். பெரிய வசவு வாங்கினார். அவர் சொன்ன கூட்டக் கணக்கில் தவறில்லை. அத்தனை ஒத்த வயதுக்காரர்கள் பிறகு ஓரிடத்தில் சேர்வது அபூர்வம்தான். ஆனால் 1960இன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு 2013இல் நேரம் சொன்னார். தவிர, ஆண் மாணவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதவில்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள்.

ஏப்ரல் 16

பெரிய பல்கலைக்கழகம், சிறிய கல்லூரி என்ற கேள்விக்கு வருகிறேன். முப்பதாயிரம் பேர் உள்ள இடத்தில் முப்பதாயிரம் வாய்ப்பு என்று உங்கள் அத்தை மகள் நினைக்கிறாள் போலும். மனிதனால் உண்மையாகப் பழகி வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் சுமார் 150 பேர் என்று மானுடவியலாளர் ராபின் டன்பர் 1990களில் கணித்தார். அந்த எண்ணில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆனால் முப்பதாயிரம் இல்லை என்பதில் சந்தேகம் இல்லை. வளாகம் எவ்வளவு பெரிதானாலும் உங்கள் பாதை ஒற்றையடிப் பாதைதான்: விடுதி, வகுப்பு, ஆய்வுக்கூடம், நூலகத்தில் அந்த ஒரே மூலை.

இன்னும் வேடிக்கை: கான்சாஸ் மாநிலத்தில் பெரிய பல்கலைக்கழக நண்பர்களையும் சிறு கல்லூரி நண்பர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெரிய இடத்தில்தான் நண்பர்கள் தம்மைப் போன்றவர்களாகவே இருந்தார்கள். கூட்டம் பெரிதானால் தன்னைப் போன்றவனைப் பொறுக்கி எடுக்க முடிகிறது. சிறு இடத்தில் கிடைத்தவரோடு பழகத்தான் வேண்டும். "நாலு விதமான ஆட்களைப் பார்க்கலாம்" என்பதற்காகப் பெரிய இடத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த அறை என்பது பெரிது என்று நான் இப்போது நினைக்கிறேன். 1950இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பாக் மூவரும் எம்.ஐ.டி.யின் மணமான மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து எழுதினார்கள். அடுத்த வீட்டாரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. அதே மாடியில் மறுகோடி வீட்டாரை, 10 விழுக்காடு. நடுவில் இருந்தது சில கதவுகள். மாடிப்படியின் அடியில் இருந்த வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் அதிகம். படியேறுகிறவர்கள் எல்லாரும் அவர்கள் வாசலைக் கடந்தாக வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1974இல் மேடி சீகல் செய்தது. அமெரிக்காவில் ஒரு காவலர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர்களை அகர வரிசைப்படி உட்காரவைத்தார்கள், அறைகளும் அதே வரிசையில். கடைசியில் உங்கள் நெருங்கிய நண்பர்கள் யார் என்று கேட்டால், பெயரின் எழுத்து யாருக்கு நெருக்கமோ அவர்கள்! மதமோ வயதோ ஊரோ இந்த அளவுக்குச் சொல்லவில்லை, எழுத்து சொன்னது.

இங்கேதான் என் முதல் குறிப்பு இடிந்து விழுகிறது. எங்கள் விடுதியிலும் அறைகள் அகர வரிசைப்படிதான் ஒதுக்கப்பட்டன. என் அறைத்தோழன் பெயரும் என் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அவன் என்னோடு தங்கியது அதனால்தான். அந்த நட்பு என்ன செய்தது என்பதை நாளை எழுதுகிறேன். வீட்டில் ஒருத்தி நான் எழுதியதைத் திருத்தக் காத்திருக்கிறாள்.

ஏப்ரல் 17

என் மனைவி எல்லாவற்றையும் படித்துவிட்டாள். குறிப்பாக 7ஆம் தேதி இரவுக் குறிப்பை.

"உன் திருமணத்தில் உன் கல்லூரியின் பங்கு சுழியம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஜெர்மன் வகுப்புக்கு உன்னைக் கொண்டுவந்தது யார்?" என்று கேட்டாள்.

அறைத்தோழன்தான். ஒரே நகரத்தில் இருவருக்கும் வேலை. மாலையில் இருவரும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என்னைக் கேட்காமலேயே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வந்து ரசீதை நீட்டினான். எனக்கு ஜெர்மன் மொழியில் அன்றும் ஆர்வம் இல்லை, இன்றும் இல்லை. முதல் நாள் நானும் அவனும் தாமதமாகப் போனோம். காலியாக இருந்தவை இரண்டு இடங்கள், ஒன்று முன்வரிசையில், மற்றொன்று கடைசியில் ஜன்னலோரம். அவன் முன்வரிசைக்கு ஓடினான். ஜன்னலோர இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவளோடுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே திருத்தம். விடுதி, அகர வரிசை, அறைத்தோழன், ரசீது, ஜன்னலோரம். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கல்லூரி. வேறு கல்லூரி என்றால் வேறு அறைத்தோழன். அவன் ஒருவேளை சதுரங்கத்துக்குப் பணம் கட்டியிருப்பான். ஒபாமா கதையில் சட்ட நிறுவனம் செய்த வேலையை என் கதையில் ஒரு ரசீது செய்திருக்கிறது.

நார்வே ஆய்வின் எண்ணில் நான் இல்லை. "ஒரே கல்லூரி" பட்டியலிலும் இல்லை. ஆனாலும் கல்லூரி என் வாழ்க்கையில் கை வைத்திருக்கிறது. யாருடைய கணக்கிலும் விழாமல். இப்படி எத்தனை பேரோ.

ஏப்ரல் 20

கல்லூரிக் காதல் நிலைக்குமா என்று கேட்டவருக்கு: தெரிந்த இரண்டு ஜோடிகளைச் சொல்கிறேன். எதையும் நிரூபிக்க அல்ல.

ஐன்ஸ்டைனும் மிலேவா மாரிச்சும் 1896இல் சூரிச் பாலிடெக்னிக்கில் ஒரே பிரிவில் சேர்ந்தார்கள். அந்தச் சிறு குழுவில் அவர் ஒருவரே பெண். 1903இல் திருமணம், 1919இல் மணமுறிவு. அதே ஆண்டு ஐன்ஸ்டைன் மறுமணம் செய்துகொண்டார். அதற்குக் கல்லூரி தேவைப்படவில்லை, எல்சா அவருடைய தாயின் அக்காள் மகள். கெர்ட்டியும் கார்ல் கோரியும் 1914இல் பிராக் நகரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது சந்தித்தார்கள். 1920இல் பட்டமும் திருமணமும் ஒரே ஆண்டில். 1947இல் நோபல் பரிசைச் சேர்ந்தே வாங்கினார்கள். கடைசிவரை ஒரே ஆய்வுக்கூடம்.

என் வகுப்பின் இரண்டு ஜோடிகளில் ஒன்று பிரிந்துவிட்டது. அவன் சொன்னது மனதில் நிற்கிறது: "இருபது வயதில் நாங்கள் ஒரே மாதிரி இருந்தோம். ஏனென்றால் ஒரே கால அட்டவணை." இதற்குமேல் அவர்கள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஏப்ரல் 24

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சிறிய கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். காரணம் ஆய்வுக்கூடம், இந்தப் பக்கத்தைப் படித்து எடுத்த முடிவல்ல, நான் விகிதக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோதே கட்டணம் கட்டிவிட்டாராம். விடுதி அறை ஒதுக்கீட்டுப் படிவத்தை மட்டும் கவனமாக நிரப்பினாராம். "முன்னுரிமை" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "மாடிப்படிக்குப் பக்கத்தில்" என்று எழுதியிருக்கிறார்.

அத்தை மகள் பற்றியும் ஒரு தகவல். அவள் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம். யாரையும் சந்திக்கவில்லை. அதனால்தான் அந்த அறிவுரையா, அல்லது அதையும் மீறியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மே 2

கடைசித் திருத்தம். அறைத்தோழனிடம் தொலைபேசியில் பேசினேன். அகர வரிசைக் கோட்பாட்டைப் பெருமையாக விளக்கினேன், சீகல் ஆய்வு உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"எனக்கு ஒதுக்கிய அறை அதுவல்லடா. இரண்டு அறை தள்ளி, கோடியில். முதல் மழையில் கூரை ஒழுகிப் படுக்கை நனைந்துவிட்டது. உன் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. காப்பாளரிடம் கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு நினைவில்லையா? நீதானே தலையணையைத் தூக்கி வந்தாய்."

நினைவில்லை. பெயரின் எழுத்து ஒன்றாக இருந்ததால், வரிசைப்படிதான் வந்திருப்பான் என்று இருபத்தைந்து ஆண்டுகளாக நானே கட்டிவைத்திருக்கிறேன்.

ரசீது பற்றியும் கேட்டேன். வேறொரு பெண் அந்த வகுப்பில் சேரப்போவதாகக் கேள்விப்பட்டுப் பணம் கட்டினானாம். தனியாகப் போகக் கூச்சம், அதனால் எனக்கும் சேர்த்து. முன்வரிசைக்கு ஓடியது அவளைத் தேடித்தான். அவள் கடைசிவரை வரவில்லை.

இதை மனைவியிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கூரையை இன்னும் சரிசெய்திருக்க மாட்டார்கள்" என்றாள்.